சுதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளை

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களைக் கடந்து களியக்காவிளையை அடைகிறது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில்தான் இன்று கேரளமும் தமிழ்நாடும் பிரிகின்றன. பேருந்தில் செல்பவரின் கைப்பேசி அங்கே ஒரு மாநிலத்தின் அலைவரிசையை விட்டு மற்றொரு மாநிலத்தின் அலைவரிசையைப் பற்றிக்கொள்கிறது. பேசிக்கொண்டிருப்பவர் அதனை உணர்வதுகூட இல்லை.

இந்த எல்லை 1956 நவம்பர் 1 அன்று ஏற்பட்டது. அதற்கு முன்னர் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய வட்டங்களும் திருவிதாங்கூரின் பகுதிகளாகவே இருந்தன. நாட்டின் தென்கிழக்கு வாயில் ஆரல்வாய்மொழிக் கணவாய். அதற்கு அப்பால் ஆங்கிலேயரின் திருநெல்வேலி மாவட்டம். 1910 செப்டம்பர் மாத இறுதியில் ஒரு பத்திரிகை ஆசிரியர் காவலர் சூழ அந்த வாயிலுக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்டார். எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை. அவர் பிறந்த ஊர் நெய்யாற்றின்கரை. பெயர் கே. இராமகிருஷ்ண பிள்ளை.

இராமகிருஷ்ணர் 1878 மே 25 அன்று நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரில் பிறந்தார். தாயார் சக்கியம்மா, தந்தையார் கோவில் பூசை செய்துவந்த நரசிம்மன் போற்றி. பிறந்த இல்லத்தைக் கூடில்லா வீடு என்று அழைப்பர். பின்னாளில் ஊரைவிட்டே துரத்தப்பட்டவருக்கு வாய்த்த வீட்டுப் பெயர் இது!

நெய்யாற்றின்கரைக்கு வேறொரு கதையும் உண்டு. பகைவர் துரத்தியபோது மார்த்தாண்டவர்மா மன்னர் அங்குள்ள ஒரு பலாமரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர்தப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அம்மச்சிப் பிலாவு எனப்படும் அம்மரத்தின் எஞ்சிய பகுதி கிருஷ்ணன் கோவில் வளாகத்தில் காக்கப்பட்டு வருகிறது. மன்னருக்கு மறைவிடம் தந்த ஊர் என்ற பெருமை அவ்வூராருக்கு இன்றும் உண்டு. அதே மன்னர் மரபில் வந்தவர்தான் அவ்வூர் மைந்தர் ஒருவரை நாடு கடத்த ஆணையிட்டார்.

இராமகிருஷ்ணர் நெய்யாற்றின்கரை ஆங்கிலப் பள்ளியிலும் பிறகு திருவனந்தபுரத்திலும் பயின்று பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற இளைஞருக்கு அக்காலத்தில் அரசு வேலை எளிதாகக் கிடைத்திருக்கும். அவருடைய நாட்டமோ செய்தித்தாளில் இருந்தது. கேரள தர்ப்பணம், கேரள பஞ்சிகா, மலையாளி என ஒன்றன்பின் ஒன்றாக இதழ்களின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். வருவாய் குறைவு, உறவினரின் மனக்கசப்போ மிகுதி.

அந்நாளில் ஒரு செய்தி எவ்வாறு பயணம் செய்தது என்பதை அறிந்தால்தான் அவர் எடுத்துக்கொண்ட தொழிலின் இடர் புரியும். திருவிதாங்கூர் அரசுக்குத் தனக்கென ஓர் அஞ்சல் துறை இருந்தது. அதற்கு அஞ்சல் என்பதே பெயர். முனையில் மணி கட்டிய கோலை ஏந்தி, தோளில் பையைச் சுமந்து, அஞ்சலோட்டக்காரர் ஊர்விட்டு ஊர் ஓடுவார். மணியோசை கேட்டால் வழியில் செல்வோர் விலகி நிற்க வேண்டும். ஆங்கிலேயரின் தபாலும் தந்தியும் தனியாக இயங்கின. இவை அனைத்தும் அரசுகளின் கையில் இருந்தன. தனி மனிதர் கையில் இருந்தது அச்சகம் ஒன்றுதான். அதுவும் ஊருக்கு ஊர் இருந்ததில்லை. அச்சு இயந்திரம் வாங்கப் பெரும்பொருள் வேண்டும், எழுத்துக் கோப்போர் வேண்டும், காகிதம் வேண்டும். ஆகவே ஒரே ஒரு கதவைப் பூட்டினால் ஆயிரம் பேருக்குச் சென்ற செய்தி நின்றுவிடும்.

இத்தகைய காலத்தில் வக்கம் என்னும் கடலோர ஊரைச் சேர்ந்த அப்துல் காதர் மௌலவி தம் செல்வத்தைச் செலவிட்டு இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் ஒன்றை வரவழைத்தார். 1905 சனவரி 19 அன்று அவர் தொடங்கிய இதழே சுதேசாபிமானி. தொலைதேசச் செய்திகளை ராய்ட்டர் நிறுவனத்தின் தந்திகள் வழியே பெற்றுத் தரவும் அது முயன்றது. மறு ஆண்டு இராமகிருஷ்ண பிள்ளை அதன் ஆசிரியரானார். இதழ் பின்னர்த் திருவனந்தபுரத்துக்கு இடம் பெயர்ந்தது. மௌலவி தம் ஆசிரியருக்கு முழு உரிமை வழங்கினார். என்ன எழுத வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்று ஒருபோதும் குறுக்கிடவில்லை. இசுலாமிய அறிஞர் ஒருவரின் பணமும் இந்து இளைஞர் ஒருவரின் எழுத்தும் இவ்வாறு ஓர் அச்சகத்தில் இணைந்தன. இதழின் பெயர் ஆசிரியரின் பெயருடனேயே ஒட்டிக்கொண்டது. கேரள மக்கள் அவரை இன்றும் சுதேசாபிமானி என்றே அழைக்கின்றனர்.

அவர் எழுதியவை அரசுக்குக் கசந்தன. அதிகாரிகளின் கையூட்டு, அரண்மனையின் ஆடம்பரச் செலவு, வேலை வழங்குவதில் ஓரவஞ்சனை ஆகியவற்றை அவர் பெயர் சுட்டி எழுதினார். மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில் 1907 முதல் திவானாக இருந்தவர் பி. இராஜகோபாலாச்சாரி. அவருடைய ஆட்சிச் செயல்களையும் தனிப்பட்ட ஒழுக்கத்தையும் இதழ் கடுமையாகத் தாக்கியது. மக்களின் வரிப்பணத்தில் வாழ்பவருடைய செயல் மக்களின் பார்வைக்கு உட்பட்டது என்பது இராமகிருஷ்ணரின் உறுதியான எண்ணம். ஆளப்படுவோரைப் பற்றி அரசு எல்லாவற்றையும் அறிந்து வைத்திருக்கும். ஆனால் அரசைப் பற்றி ஆளப்படுவோர் எதையும் அறியலாகாது. இந்தத் தலைகீழ் வழக்கத்தையே அவர் எதிர்த்தார். எனினும் பொதுக் கடமைக்கும் சொந்த வாழ்வுக்கும் இடையிலான கோட்டை அவருடைய எழுத்து எங்கெல்லாம் தாண்டியது என்பதில் அவரைப் போற்றுவோரிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு.

வேறொரு குறை அதனினும் பெரிது. 1910-இல் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளையும் அரசுப் பள்ளிகளில் சேர்க்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அதே நெய்யாற்றின்கரை வட்டத்தின் வெங்ஙானூரில் பிறந்த ஐயன்காளி அதற்காகப் பல ஆண்டுகளாகப் போராடி வந்தார். இராமகிருஷ்ண பிள்ளையோ எல்லாச் சாதிக் குழந்தைகளையும் ஒரே வகுப்பில் அமர்த்துவதை எதிர்த்து எழுதினார். குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு அதனை ஒப்பிட்டார். திவானின் தவறுகளைக் கண்ட கண் அவர் செய்த நன்மையைக் காணவில்லை. தம் ஊரின் மண்ணில் உழைத்த மக்களின் குழந்தைகளையும் காணவில்லை. அவருடைய துணிவைச் சொல்லும் வரலாறு இதனையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1910 செப்டம்பர் 26 அன்று மன்னரின் ஆணை வெளிவந்தது. சுதேசாபிமானி இதழ் தடைசெய்யப்பட்டது. காவலர் அச்சகத்துக்குள் புகுந்து முத்திரையிட்டனர். இயந்திரம் உள்ளிட்ட அனைத்தும் அரசுடைமை ஆயின. ஆசிரியர் கைது செய்யப்பட்டார். இனி அவர் திருவிதாங்கூர் மண்ணில் கால் வைக்கக்கூடாது என்றது ஆணை. குற்றச்சாட்டு படித்துக் காட்டப்படவில்லை. சாட்சி இல்லை, வழக்கறிஞர் இல்லை, மேல்முறையீடும் இல்லை. அப்போது அவருக்கு வயது 32.

காவலர் அவரைத் தெற்கு நோக்கிக் கொண்டுசென்றனர். அந்தப் பெருவழியில் பிறந்த ஊரும் இருந்தது; அதற்கப்பால் பாறசாலை, குழித்துறை, தக்கலை, நாகர்கோவில். அன்று இவ்வூர்களுக்கிடையே எல்லைப் பலகை ஏதும் இல்லை. மலையாளம் மெல்லத் தேய்ந்து தமிழ் வலுப்பெறும் அந்த வழியின் முடிவில் ஆரல்வாய்மொழி. அதனைத் தாண்டித் திருநெல்வேலியில் அவர் விடப்பட்டார்.

அந்தத் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த மற்றொரு பத்திரிகை ஆசிரியரும் அவ்வேளையில் தம் மண்ணுக்குத் திரும்ப இயலாத நிலையில் இருந்தார். எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியார் 1908-இல் சென்னையிலிருந்து பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றுவிட்டார். அங்கிருந்து வெளிவந்த இந்தியா வார இதழ் தம் ஆட்சிப் பகுதிக்குள் நுழைவதை ஆங்கிலேயர் தடுத்தனர். வாசகரை அடைய வழியின்றி 1910 தொடக்கத்தில் இதழ் நின்றது. ஒற்றர்கள் அவர் வீட்டைச் சுற்றி நின்றனர். அவருக்கும் நண்பர்களுக்கும் வந்த கடிதங்கள் வழியிலேயே பிரித்துப் படிக்கப்பட்டன. திருவிதாங்கூர் அரசு அச்சகத்தைப் பூட்டியது; ஆங்கில அரசோ அச்சகத்தை விட்டுவிட்டு வழியைப் பூட்டியது. அத்துடன் உறைக்குள்ளும் எட்டிப் பார்த்தது.

உறைக்குள் பார்ப்பதற்கு அவ்வரசு சட்டமும் வைத்திருந்தது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் தந்திகளை இடைமறிக்கவும் நிறுத்தவும் அதிகாரம் தந்தது. 1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் கடிதங்களுக்கு அதையே செய்தது. இச்சட்டங்களின் ஆயுள் நீண்டது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்க ஆணையிடுவது 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே நடந்தது. 2017-இல் ஒரு பகுதியில் இணையச் சேவையை நிறுத்துவதற்கான விதிகள் வகுக்கப்பட்டபோதும் அச்சட்டமே அடிப்படையாயிற்று. தந்தி மறைந்தது, தந்திச் சட்டம் இணையத்தை ஆண்டது! 2023-இல்தான் அவ்விரு சட்டங்களுக்கும் மாற்றாகப் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. இடைமறிக்கும் அதிகாரம் புதிய சட்டங்களிலும் இருக்கிறது.

இணையம் ஒரே கதவை நம்பியிருக்கவில்லை. அனுப்பப்படும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொதியும் தனக்குக் கிடைத்த வழியில் சென்று, சேருமிடத்தில் மீண்டும் ஒன்றுகூடுகிறது. ஒரு வழி அடைபட்டால் மறுவழி. உலகின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான இப்பொது ஒழுங்கே நெறிமுறை எனப்படுகிறது. அமெரிக்காவில் அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு 1983 சனவரி 1 அன்று இந்நெறிமுறைக்கு மாறியது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று.

அந்த முதல் நெறிமுறைகளுக்கு ஒரு குறை இருந்தது. பொதி வழிதவறாமல் செல்ல வேண்டும் என்பதே அவற்றை வகுத்தோரின் கவலை. வழியில் யாரும் படிக்கக்கூடாது என்பது அன்று பெரிதாகத் தோன்றவில்லை. ஆகவே செய்திகள் அஞ்சலட்டைகளைப் போலத் திறந்தபடியே சென்றன. கடவுச்சொல்லும் அப்படியே சென்றது. பின்னரே உறை வந்தது. அனுப்புவோரும் பெறுவோரும் தவிர வேறு எவரும் படிக்க இயலாதவாறு செய்தியை மறைகுறியாக மாற்றும் முறை 1990-களில் உருவாயிற்று. உலாவியில் முகவரிக்கு அருகே நெடுங்காலம் காணப்பட்ட பூட்டுக் குறி அதன் அடையாளம். 2013-இல் பெருந்திரளான மக்களின் தகவல்களை அரசுகள் திரட்டுவது வெளிப்பட்டது. மறு ஆண்டு, நெறிமுறைகளை வகுக்கும் பன்னாட்டுப் பொறியாளர் குழு அத்தகைய கண்காணிப்பை இணையத்தின் மீதான தாக்குதலாகவே கருதி இனிவரும் நெறிமுறைகளை அமைக்க வேண்டும் என்று முடிவு செய்தது. உறை ஒட்டப்பட்டாலும் உறைமேல் எழுதிய முகவரி வெளியே தெரியும் அல்லவா? எந்தத் தளத்தைத் தேடுகிறார் என்பதையும் மறைக்கும் நெறிமுறை 2018-இல் வந்தது.

உறை வழியில் மட்டுமே காக்கும். பெற்றுக்கொண்டவர் அதனைப் பிரித்துத் தம் பேரேட்டில் எழுதி வைத்துக்கொள்வதை எந்த நெறிமுறையும் தடுக்காது. கைப்பேசி விளையாட்டு ஒன்று, ஆடும் சிறுவனின் ஊரையும் உறங்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளக்கூடும். அங்கே சட்டம்தான் துணை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2019-இல் விடுதியில் கைப்பேசிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டதை எதிர்த்துக் கல்லூரி மாணவி ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று அந்நீதிமன்றம் கூறியது. 2020-இல் உச்ச நீதிமன்றம், இணையத்தைக் காலவரையின்றி நிறுத்தலாகாது, நிறுத்தும் ஆணையை வெளியிட வேண்டும் என்றது. ஆணையை வெளியிட்டால்தான் அதனை எதிர்த்து வழக்குத் தொடுக்க முடியும். 2023-ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் தகவல்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது.

திருநெல்வேலியில் விடப்பட்ட ஆசிரியருக்கு இத்தகைய நீதிமன்றமும் இல்லை; மாற்றுவழியும் இல்லை. சென்னையிலும் பிறகு பாலக்காட்டிலும் அவர் வாழ்ந்தார். பாலக்காட்டில் எழுத்தாளர் தரவத்து அம்மாளு அம்மா அவருக்கும் குடும்பத்துக்கும் தம் இல்லத்தில் இடமளித்தார். அரசின் பகைக்கு ஆளானவரை வீட்டில் வைத்திருப்பது அன்று எளிய செயலன்று.

இதழ் இல்லாத நிலையில் அவர் நூல்கள் எழுதினார். தமக்கு நேர்ந்ததை எனது நாடுகடத்தல் என்னும் பொருள்படும் நூலில் பதிவு செய்தார். 1912-இல் பத்திரிகைத் தொழிலைக் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். மலையாளத்தில் அத்துறையில் தோன்றிய முதல் நூல் அது. அதே ஆண்டில் கார்ல் மார்க்சின் வரலாற்றையும் எழுதினார். இந்திய மொழிகளில் மார்க்சைப் பற்றி வந்த முதல் வாழ்க்கை வரலாறாக அதனைக் குறிப்பிடுவர். உருசியப் புரட்சிக்கு அப்போது இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.

உடல் நலிந்தது. என்புருக்கி நோய் பற்றிக்கொண்டது. மனைவி பி. கல்யாணி அம்மாவுடன் கண்ணூரில் குடியிருந்தபோது 1916 மார்ச் 28 அன்று, 38 வயது நிறையுமுன்னரே, இராமகிருஷ்ண பிள்ளை காலமானார். கண்ணூரின் பையாம்பலம் கடற்கரையில் அவர் உடல் அடக்கம் பெற்றது. தெற்கே ஆரல்வாய்மொழி வழியாக நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர் வடக்கே மலபாரில், அதுவும் ஆங்கிலேயர் ஆண்ட மண்ணில், கண் மூடினார். இடையில் இருந்த தம் நாட்டை அவர் மீண்டும் காணவே இல்லை.

கல்யாணி அம்மாவும் எழுத்தாளர். கணவரோடு வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளை அவர் நூலாக்கினார். வியாழன் கோள் கதிரவனை ஒருமுறை சுற்றிவரும் காலம் ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆதலால், நூலுக்கு வியாழவட்ட ஸ்மரணகள் என்று பெயரிட்டார். நாடு கடத்தப்பட்ட நாள்களைப் பற்றிப் பின்வந்தோர் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, கணவர் எழுதிய நூலிலிருந்தும் மனைவி எழுதிய இந்நூலிலிருந்தும் கிடைத்தது. அச்சகத்தைப் பூட்டியவர்கள் இவ்விரு நூல்களையும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

மௌலவி தம் இயந்திரத்தைத் திருப்பித் தருமாறு மன்னரிடம் கெஞ்சவில்லை. ஆசிரியர் இல்லாத அச்சகத்தால் தமக்குப் பயனில்லை என்று அவர் கருதினார். பெரும்பொருளை இழந்தும் சமுதாயப் பணியைத் தொடர்ந்த அவர் 1932-இல் மறைந்தார். கேரள மாநிலம் உருவான பின்னரே அரசு அந்த அச்சு இயந்திரத்தை அவர் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தது. இராமகிருஷ்ண பிள்ளையின் சிலை இன்று திருவனந்தபுரம் பாளையத்தில் நிற்கிறது. சிறந்த பத்திரிகையாளருக்குக் கேரள அரசு ஆண்டுதோறும் வழங்கும் உயரிய விருது அவர் பெயரையும் தாங்கியிருக்கிறது.